பாட்டோடு சேர்ந்து கிட்டார் பழக எதை வாங்குவது, எதை வாங்க வேண்டாம்

தம்பி, உங்கள் கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு, கையில் ஒரு மின்கிட்டார், வேலை முடிந்து வீடு வந்து சேரவே இரவு ஒன்பது பத்து ஆகிவிடுகிறது, அதற்கு மேல் ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) போட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிறார். தமிழ்ப் பாட்டுகளை ஓடவிட்டு அதோடு சேர்ந்து வாசித்துப் பழக வேண்டும். ஆயிரம் வெள்ளி வரை செலவு செய்யலாம், புளூடூத் ஹெட்போன் ஏற்கெனவே இருக்கிறது. புளூடூத் உள்ள சின்ன ஆம்ப் வாங்குவதா, ஹெட்போன் ஆம்ப் வாங்குவதா, இல்லை செயலியே போதுமா?

ஆயிரம் வெள்ளியை இப்போதைக்குப் பத்திரமாக வைத்திருங்கள். இதில் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. பாட்டை நம் வழிக்குக் கொண்டுவருவது ஒரு வேலை: வேகத்தைக் குறைப்பது, கஷ்டமான இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிடுவது, சுருதியை ஏற்றி இறக்குவது, பாடகர் குரலைத் தணிப்பது. அந்தப் பாட்டும் உங்கள் கிட்டாரும் ஒரே காதில் ஒரே நேரத்தில் விழ வைப்பது வேறு வேலை. முதல் வேலையைக் கைப்பேசி கிட்டத்தட்ட இலவசமாகவே செய்துவிடும். காசு போட வேண்டியது இரண்டாவதுக்குத்தான், அதுவும் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை.

முதலில் புளூடூத் விஷயம், ஏனென்றால் என்னிடம் கிட்டார் கற்க வருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் இதில்தான் காசைத் தொலைக்கிறார்கள். புளூடூத்தில் ஒலி நேராக வருவதில்லை. சுருக்கப்பட்டு, துண்டு துண்டாக அனுப்பப்பட்டு, மறுபக்கம் சேர்த்து வைத்து விரிக்கப்பட்டுத்தான் காதுக்கு வருகிறது. சாதாரண ஹெட்போனில் இதற்கு 150 முதல் 250 மில்லிவினாடி வரை பிடிக்கும். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு 500 மில்லிவினாடி, அதை நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 125. அதாவது நீங்கள் கம்பியைத் தட்டி, அது காதில் விழுவதற்குள் பாட்டு கால் அடியோ அரை அடியோ முன்னால் போயிருக்கும். மூளை அதைச் சரிக்கட்டப் பார்த்துக் கையை முந்த வைக்கும், அப்புறம் நாலு பேரோடு உட்கார்ந்து வாசிக்கும்போது தாளம் ஓடும். ஒப்பிட்டுப் பார்க்க ஒரு கணக்கு: காற்றில் ஒலி ஒரு மீட்டர் கடக்க ஏறக்குறைய 3 மில்லிவினாடி. பத்து மில்லிவினாடி தாமதம் என்றால் ஆம்பிலிருந்து மூன்று மீட்டர் தள்ளி நிற்பது மாதிரி, அது யாருக்கும் உறைக்காது. இருநூறு என்றால் கிட்டத்தட்ட எழுபது மீட்டர் தள்ளி நின்று வாசிக்கிறீர்கள்.

ஆனால் இதை அரைகுறையாகக் கேட்டுவிட்டுப் புளூடூத்தே ஆகாது என்று ஒதுக்குவதும் தப்பு. பாட்டு மட்டும் புளூடூத் வழியாக ஆம்புக்குள் வந்து, கிட்டார் வயர் வழியாக வந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. பாட்டு முழுவதும் கால் வினாடி பிந்தி வருகிறது, அவ்வளவுதான். நீங்கள் பொத்தானைக் கால் வினாடி தாமதமாக அழுத்தியதற்குச் சமம். காதில் கேட்கிற பாட்டோடுதானே வாசிக்கப் போகிறீர்கள். ஆகாதது உங்கள் கிட்டார் ஒலி புளூடூத் வழியாக உங்கள் காதுக்கு வருவது மட்டும்தான். விளம்பரத்தில் இரண்டையும் ஒரே வார்த்தையில் புளூடூத் என்று எழுதிவிடுவார்கள். உள்ளே வருகிற புளூடூத்தா, வெளியே போகிற புளூடூத்தா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அதனால் உங்களிடம் இருக்கிற ஹெட்போனை இப்போதே எடுத்துப் பாருங்கள். காதை மூடுகிற பெரிய வகையாக இருந்தால் அநேகமாகக் கீழ்ப்பக்கம் 3.5 மில்லிமீட்டர் துளை ஒன்று இருக்கும். அதில் வயர் போட்டால் அது சாதாரண ஹெட்போன் ஆகிவிடும், தாமதம் ஒழிந்தது, புது ஹெட்போன் வாங்கும் செலவும் மிச்சம். காதுக்குள் செருகும் குட்டி வகை என்றால் கிட்டாருக்கு அது உதவாது. பாட்டு கேட்க வைத்துக்கொண்டு, வயர் உள்ள ஹெட்போன் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

இனி கருவி. கிட்டாரில் நேராகச் செருகும் சின்ன ஹெட்போன் ஆம்ப் வகைதான் உங்கள் நிலைமைக்குச் சரி. இந்த யோசனை புதிதில்லை. பாஸ்டன் என்ற ராக் குழுவின் கிட்டார் கலைஞர் டாம் ஷோல்ஸ் அடிப்படையில் ஒரு பொறியாளர். அவர் 1982-இல் ராக்மேன் என்று இடுப்பில் மாட்டுகிற பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார், கிட்டாரைச் செருகி ஹெட்போனில் கேட்கலாம். இன்று வாக்ஸ் நிறுவனத்தின் ஆம்ப்ளக் அதே யோசனையை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கியிருக்கிறது. கிட்டார்த் துளையில் செருகுகிறீர்கள், ஹெட்போனை மாட்டுகிறீர்கள், கைப்பேசியிலிருந்து ஒரு வயரைப் பாட்டு உள்ளே வரும் துளையில் போடுகிறீர்கள், முடிந்தது. ஆம்ப்ளக் 2 இரண்டு டிரிபிள் ஏ பேட்டரியில் ஓடும். சில நூறு வெள்ளிக்குள் அடங்கிவிடும். ஒலி பிரமாதம் என்று சொல்ல மாட்டேன், ஒலியைக் கூட்டினால் கொஞ்சம் இரைச்சலும் வரும், ஆனால் பழகுவதற்குத் தாராளம். கொஞ்சம் கூடப் போட முடியும் என்றால் 2021-இல் வந்த ஃபெண்டர் மஸ்டாங் மைக்ரோ. பாட்டு புளூடூத்தில் உள்ளே வருகிறது, ஹெட்போன் மட்டும் வயரில். மேலே சொன்ன கணக்கு புரிந்தவர்கள் வடிவமைத்தது. கிட்டார் ஒலியும் வயர் இல்லாமல்தான் வேண்டும் என்றால் பாஸ் நிறுவனத்தின் வாஸா ஏர் இருக்கிறது. அது கிட்டாருக்குப் புளூடூத்தை நம்பாமல் தன் சொந்த ரேடியோ இணைப்பைப் பயன்படுத்துவதால் தாமதம் தெரியாது, ஆனால் அந்த விலை உங்கள் ஆயிரத்தைத் தாண்டிப் போய்விடும்.

ஷாப்பியிலும் லஸாடாவிலும் ஆம்ப்ளக் மாதிரியே தெரிகிற பேர் தெரியாத சாமான்கள் மலிவாகக் கிடைக்கும். சில நன்றாகவே இருக்கின்றன. வாங்குமுன் உங்கள் கிட்டாரின் துளையை மட்டும் பாருங்கள். ஸ்ட்ராட் வகைக் கிட்டாரில் துளை சாய்ந்த குழிக்குள் இருக்கும், மலிவுச் சாமானின் செருகி குட்டையாக இருந்தால் அந்தக் குழியின் விளிம்பில் முட்டி, முழுசாக உள்ளே போகாமல் கரகரவென்று சத்தம் போடும். திரும்பி மடங்குகிற செருகி உள்ளதாகப் பார்த்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. முடிந்தால் கிட்டாரையும் கைப்பேசியையும் தூக்கிக்கொண்டு முத்தியாரா டாமன்சாராவில் இருக்கிற பென்ட்லி மியூசிக் மாதிரி பெரிய கடைக்கு ஒரு நடை போய்ச் செருகிப் பாருங்கள், கேட்டுப் பார்த்து வாங்குவது தனி. உங்கள் கைப்பேசியில் ஹெட்போன் துளை இல்லை என்றால் அதற்கு ஒரு சின்ன இணைப்பு வயர் வேண்டும். இதை மட்டும் இணையத்தில் வாங்காதீர்கள். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்றுக்குள் ஒலியை மாற்றும் சில்லு இருக்கும், இன்னொன்றில் இருக்காது, சில்லு இல்லாதது பல கைப்பேசிகளில் ஊமை. லோ யாட் பிளாசாவில் கடைக்காரர் முன்னாலேயே செருகிப் பாட்டு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நீங்கள் கேட்ட புளூடூத் மேசை ஆம்ப், பாசிட்டிவ் கிரிட் ஸ்பார்க், யமஹா டிஎச்ஆர் மாதிரி, எல்லாம் நல்ல சாமான்தான். டிஎச்ஆர் 2011-இல் வந்தபோது படுக்கையறையில் மெல்ல வைத்துக் கேட்டாலும் நிறைந்த ஒலி கொடுத்ததால்தான் பேர் வாங்கியது. ஆனால் இரவு பத்து மணிக்கு மேல் நீங்கள் அதிலும் ஹெட்போன்தான் போடப் போகிறீர்கள், அப்புறம் ஸ்பீக்கருக்கு எதற்குக் காசு? சனி ஞாயிறு பகலில் வாசிக்க நேரம் கிடைக்கிற ஆளாக இருந்தால் வேறு பதில் சொல்லியிருப்பேன்.

சரி, இப்போது பாட்டின் பக்கம். வேகம் குறைக்கத் தனிக் கருவி வாங்காதீர்கள். ஒரு காலத்தில் டாஸ்காம் நிறுவனம் குறுந்தட்டைப் போட்டு, வேகம் குறைத்து, கிட்டாரையும் செருகி வாசிக்கிற பெட்டிகள் விற்றது, அருமையான சாமான், இன்றைக்குத் தேவை இல்லை. அதற்கும் முன்னால் 33⅓ சுற்று இசைத்தட்டைச் சில பிளேயர்களில் இருந்த 16 வேகத்தில் ஓடவிட்டுக் கேட்பார்கள். பாதி வேகம், சுருதியும் சரியாக ஓர் ஆக்டேவ் (ஸ்தாயி) இறங்கிவிடும். இன்றைய மென்பொருள் சுருதியை விட்டுவிட்டு வேகத்தை மட்டும் குறைக்கிறது. யூடியூபிலேயே அது இருக்கிறது, ஆனால் பாட்டின் நடுவில் நான்கு வினாடித் துண்டை மட்டும் சுழல விடும் வசதி அதில் இல்லை, பழகுவதற்கு அதுதானே முக்கியம். அமேசிங் ஸ்லோ டவுனர், எனிடியூன், கணினியில் டிரான்ஸ்கிரைப் என்று இதற்கென்றே செய்தவை உண்டு. இலவசமாக வேண்டுமென்றால் கணினியில் ஆடாசிட்டி.

எவ்வளவு குறைக்கலாம் என்று கேட்டால், என் கணக்கு அசல் வேகத்தில் எழுபது எழுபத்தைந்து சதவீதம் வரை. ஐம்பதுக்குக் கீழே போனால் ஒலியை இழுத்து நீட்டுகிற கணக்கில் கம்பியைத் தட்டும் அந்தக் கூர்மை கரைந்துபோகும், எந்த நேரத்தில் தட்டினார் என்பதே தெரியாது, நீங்கள் தேடி வந்ததே அதைத்தான். சுரம் என்ன என்று கண்டுபிடிக்க மட்டும் நாற்பதுக்குப் போங்கள். கூடவே வாசிக்க வேண்டுமென்றால் எழுபதுக்கு மேலேயே இருங்கள்.

அடுத்து சுருதி, இது பழைய தமிழ்ப் பாட்டு வாசிக்கிற எல்லோரையும் அழ வைக்கிற இடம். டியூனர் வைத்துக் கிட்டாரைச் சரியாகச் சேர்த்திருப்பீர்கள், பாட்டைப் போட்டால் இரண்டும் சண்டை போடும். காது கெட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். டேப் ஓடிய வேகம் ஆறு சதவீதம் மாறினாலே சுருதி ஏறக்குறைய ஓர் அரைச்சுரம் (கிட்டாரில் ஒரு கட்டம்) மாறிவிடும். இசைத்தட்டிலிருந்து கேசட், கேசட்டிலிருந்து கணினி என்று மூன்று கை மாறி வந்த பாட்டு நடுவாந்தரத்தில் எங்கேயோ நிற்கும். இதில் ஒரு வகைக்குத் துல்லியமான காரணமே உண்டு. சினிமா ஒரு வினாடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்). நம் ஊர்ப் பழைய டிவி ஓடியது பால் (PAL) என்ற முறையில், வினாடிக்கு 25. படத்தை டிவிக்கும் வீடியோத் தட்டுக்கும் மாற்றும்போது பல சமயம் அப்படியே 25-இல் ஓட்டிவிடுவார்கள், படம் நான்கு சதவீதம் வேகமாகும், பாட்டின் சுருதி 71 சென்ட் ஏறும். ஓர் அரைச்சுரத்துக்கு 100 சென்ட், ஆக முக்கால் அரைச்சுரத்துக்குக் கொஞ்சம் குறைவு. கேப்போ (கிட்டார்க் கழுத்தில் மாட்டிச் சுருதியை ஏற்றும் பிடி) போட்டாலும் சேராது, போடாவிட்டாலும் சேராது. யூடியூபில் படத்தோடு இருக்கிற பழைய பாட்டு இப்படித் தொல்லை கொடுத்தால் ஆடாசிட்டியில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து 96 சதவீதமாக இறக்கிப் பாருங்கள், பல சமயம் டக்கென்று உட்கார்ந்துவிடும். இங்கே சுருதியைப் பிடித்து வைக்கிற வசதியைப் போடக் கூடாது, இரண்டும் சேர்ந்தே இறங்க வேண்டும்.

மற்றபடி பாட்டுக்குப் பாட்டு கிட்டாரைத் திருகிக்கொண்டிருக்காதீர்கள், கம்பிதான் அறுந்துபோகும். கிட்டார் நிலையாக இருக்கட்டும், பாட்டைச் செயலியில் நகர்த்துங்கள். அதனால் செயலி வாங்கும்போது அரைச்சுரமாக மட்டும் இல்லாமல் சென்ட் கணக்கில் சுருதி மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். என்னைக் கேட்டால் வேறு எந்த வசதியையும்விட இதுதான் முக்கியம், யாரும் விளம்பரப்படுத்தாததும் இதுதான்.

குரலை நீக்குவது, வாத்தியங்களைப் பிரிப்பது. முன்பெல்லாம் குரல் நடுவில், அதாவது இடது வலது இரண்டு தடத்திலும் ஒரே அளவாக, இருப்பதால் ஒன்றிலிருந்து இன்னொன்றைக் கழித்துவிட்டால் குரல் போய்விடும் என்று ஒரு வித்தை செய்வார்கள். கூடவே பேஸ் என்கிற தாழ்ந்த ஒலிக் கிட்டாரும் போய்விடும், ஏனென்றால் அதுவும் நடுவில்தான் இருக்கும். ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய பாட்டில் இடது வலது இரண்டும் ஒன்றே, கழித்தால் மிஞ்சுவது மௌனம். 2019-இல் பிரெஞ்சுப் பாட்டுச் சேவையான டீசர், ஸ்ப்ளீட்டர் என்ற மென்பொருளை எல்லோருக்கும் திறந்துவிட்டது, ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் டெமக்ஸ் என்று ஒன்றைக் கொடுத்தார்கள், அதன் பிறகு இந்த வேலை தலைகீழாக மாறிவிட்டது. ஒற்றைத் தடப் பாட்டையும் பிரிக்கிறார்கள். கணினியில் அல்டிமேட் வோகல் ரிமூவர் இலவசம், கைப்பேசியில் மொய்ஸஸ்.

ஆனால் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள். பொதுவாகக் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகத்தான் பிரியும். நம் பாட்டில் அந்த ‘மற்றவை’க்குள் புல்லாங்குழல், வயலின் கூட்டம், கீபோர்ட், வீணை, அப்புறம் எங்கேயோ ஓரத்தில் கிட்டார். தபேலாவின் தாழ்ந்த பக்கம் சில சமயம் பேஸோடு போய் ஒட்டிக்கொள்ளும். கிட்டாரைத் தனியாக எடுக்கும் வகையும் டெமக்ஸில் உண்டு, வீணை இருக்கிற பாட்டில் அது குழம்புகிறது. என் பழக்கம் என்னவென்றால், கிட்டாரைத் தேடி எடுக்காமல் குரலையும் டிரம்ஸையும் மட்டும் பாதிக்குக் குறைத்துவிடுவது. முழுசாக நீக்க வேண்டாம், குரல் துளியும் இல்லாவிட்டால் பாட்டில் எங்கே இருக்கிறோம் என்றே தொலைந்துபோகும்.

பேஸ் வரி பிடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தந்திரம். எண்பதுகளின் தமிழ்ப் பாட்டுகளில் பேஸ் கிட்டார் தனியாக ஒரு மெட்டே பாடிக்கொண்டிருக்கும், கைப்பேசி ஸ்பீக்கரில் அது காதிலேயே விழாது. பேஸின் தாழ்ந்த கம்பி 41 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அங்கே இறங்க முடியாது. பாட்டை அப்படியே ஓர் ஆக்டேவ், அதாவது பன்னிரண்டு அரைச்சுரம், மேலே ஏற்றுங்கள். பாடகி எலிக்குஞ்சு மாதிரி கீச்சிடுவார், ஆனால் பேஸ் உங்கள் கிட்டாரின் தாழ்ந்த கம்பிக்கு வந்து நிற்கும், ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்கும்.

பாட்டைக் கேட்டுத் தானாகவே கோர்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டம்) காட்டும் செயலிகள், கோர்டிஃபை, ஸ்பார்க்கோடு வருவது போன்றவை, முதல் ஊகத்துக்கு ஆகும். மேஜரா மைனரா என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும், நடுவில் வருகிற நுணுக்கமான கோர்ட்டை மழுப்பிவிடும். லூப்பர் பெடல் (காலால் அழுத்தும் பெட்டி) வேறு வேலைக்கானது, நீங்கள் வாசித்ததைச் சுழல விடும், பாட்டை அல்ல, இப்போது வேண்டாம். கிட்டாரைக் கணினியோடு இணைக்கும் யூஎஸ்பி இடைமுகம், ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவோ அதைவிட மலிவான பெரிங்கர் யூஎம்2வோ, கணினி முன்னால் உட்கார்ந்து பழகுகிறவருக்கு ஹெட்போன் ஆம்பைவிட நல்லது, ஏனென்றால் வாசித்ததைப் பதிவு செய்து மறுநாள் கேட்கலாம், அதைவிடக் கண்டிப்பான வாத்தியார் கிடையாது. உங்களைப் போல வேலை முடிந்து களைத்து வருகிறவர் தினமும் கணினியைத் திறந்து, நிரலை ஓடவிட்டு, வயரைப் போட்டு உட்காருவாரா என்பதுதான் என் சந்தேகம். செருகினால் உடனே ஒலி வர வேண்டும், இல்லாவிட்டால் கிட்டார் சுவரிலேயே தொங்கும்.

இதைப் படிக்கிற யாரிடமாவது மரக்கிட்டார் இருந்தால் மேலே சொன்ன எந்தப் பெட்டியும் வேண்டாம். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் போட்டுப் பாட்டைக் கேளுங்கள், இன்னொரு காது கிட்டாருக்கு. இங்கே புளூடூத்தும் தாராளமாக ஆகும்.

ஹெட்போனில் பழகும்போது ஒரு கெட்ட பழக்கம் எல்லோருக்கும் வரும். பாட்டு கிட்டாரை மூடுகிறது என்று கிட்டாரைக் கூட்டுவோம், பிறகு பாட்டு கேட்கவில்லை என்று பாட்டைக் கூட்டுவோம், அரை மணி நேரத்தில் இரண்டும் உச்சத்தில் இருக்கும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்கிற அளவு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் வரை. கிட்டார் கேட்கவில்லை என்றால் பாட்டைக் குறையுங்கள். அதே மாதிரி, வயரில் பாட்டு வரும்போது கைப்பேசியைச் சார்ஜில் போட்டிருந்தால் உர்ர்ர் என்று ஓர் இரைச்சல் சேரலாம், சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் போய்விடும், அதற்காக ஆம்பைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள்.

கடைசியாக, பழைய சாமான் வாங்கப் போனால். ஜாலான் ஜாலான் ஜப்பான் மாதிரி ஜப்பானிலிருந்து வரும் பழைய பொருள் விற்கிற கடைகளில் நல்ல பெடலும் சின்ன ஆம்பும் அள்ளிக்கொள்கிற விலையில் சிக்கும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நம் வீட்டில் 230. கூட வருகிற அடாப்டரைத் திருப்பிப் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். 100-240 என்று இருந்தால் பயமில்லை, செருகி மாற்றினால் போதும். வெறும் 100 என்று இருந்தால் அந்த அடாப்டரைக் கடையிலேயே விட்டுவிட்டு, அது கொடுக்கிற அதே வோல்ட்டுக்கு (பெடலுக்குப் பெரும்பாலும் 9) இங்கே ஒன்று வாங்குங்கள். வாங்கும்போது நடுமுனை மைனஸா பிளஸா என்று பெட்டியின் அடியில் இருக்கிற சின்னப் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெரும்பாலான கிட்டார் பெடல்களுக்கு நடுவில் மைனஸ், வீட்டில் கிடக்கிற மற்ற அடாப்டர்கள் பலவற்றில் நடுவில் பிளஸ்.